டிரெய்லர் மாட்டுறது, கழட்டுறது: எந்த வரிசை சரி? 22 டயர், சேலம் யார்டு

ஓமலூர்_பைபாஸ் கேட்டது:

வணக்கமுங்க. டாரஸ் (டிரெய்லர் இல்லாத ஒரே சேஸி லாரி) ஓட்டிட்டு இருந்துட்டு இப்போ 22 டயர் டிரெய்லருக்கு வந்திருக்கேன். யார்டுல முன்வண்டி (டிரெய்லரை இழுக்கற தலைவண்டி) கம்மி, டிரெய்லர் அதிகம். ஒரு டிரெய்லர்ல காயில் (சுருட்டின இரும்புத் தகடு) ஏத்திட்டு இருக்கும்போதே இன்னொண்ணை மாட்டிக் கிளம்பணும். அதனால மாட்டுறதும் கழட்டுறதும் தினப்படி வேலை.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஏர் பைப்புல சிவப்பு முதல்லன்னு ஒருத்தர், மஞ்சள் முதல்லன்னு இன்னொருத்தர். 'டக்'குனு சத்தம் வந்துட்டா கிளம்பிடலாம்னு சிலர். லோடு டிரெய்லரை அதோட லேண்டிங் கால்ல (முன்வண்டி இல்லாதப்போ மூக்கைத் தாங்கற ரெண்டு இரும்புக் கால்) நிறுத்தினா மறுநாள் ஒரு பக்கத்துக் கால் செம்மண்ணுல இறங்கி டிரெய்லர் சாஞ்சு நிக்குது. கழட்டுறப்போ ஃபிஃப்த் வீல் (முன்வண்டி மேல டிரெய்லர் உக்கார்ற இரும்பு டேபிள்) லீவர் அசையவே மாட்டேங்குது, ரெண்டு பேர் சேர்ந்து தொங்க வேண்டியிருக்கு. எது சரி, ஏன் சரின்னு காரணத்தோட சொன்னா உதவியா இருக்கும்.


தொப்பூர்_இறக்கம்:

தம்பி, முதல்ல அந்த 'டக்' சத்தத்தைப் பேசிடுவோம், உயிர் போற விஷயம் அதுதான். அந்தச் சத்தம் லாக் நகர்ந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். லாக் கிங்பின்னோட (டிரெய்லர் மூக்குக்கு அடியில நீட்டிட்டு இருக்கற இரும்பு முளை) கழுத்தைச் சுத்திப் புடிச்சுதா, இல்ல பின் மேல ஏறி நிக்கும்போது சும்மா மூடிக்கிச்சான்னு சத்தத்தை வெச்சுச் சொல்லவே முடியாது. டிரெய்லர் கொஞ்சம் உயரமா நின்னா கிங்பின், டேபிள்ல அதைப் புடிக்கற லாக்கான தாடைக்குள்ள முழுசா இறங்காது. அடிக் காலர் (பின்னோட அடியில இருக்கற தடித்த வளையம்) மட்டும் தாடை மேல தொத்திக்கிட்டு நிக்கும். மெதுவா இழுத்துப் பார்த்தாலும் சில சமயம் கூடவே வரும். யார்டு கேட்டைத் தாண்டி முதல் ஸ்பீட் பிரேக்கர்ல துள்ளும்போது கழண்டுக்கும். அங்க தப்பிச்சா தொப்பூர் ஏத்தத்துல கழண்டுக்கும். பெங்களூர் பக்கம் ஏறும்போது மொத்த இழுவையும் அந்த ஒரு பின் மேலதான் விழுது.

அதனால ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்குது. டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை இருக்கான்னு பாருங்க. கிங்பின்ல மண்ணோ கல்லோ ஒட்டியிருந்தா துடைங்க. உங்க வண்டி டேபிள்ல தாடை திறந்து இருக்கணும், டேபிள் பின்பக்கம் சாஞ்சு இருக்கணும். ஏர் பைப்பும் கரண்ட் கேபிளும் ஸ்டாண்டுல மாட்டியிருக்கணும், தொங்கினா டேபிளுக்கு நடுவுல சிக்கி நசுங்கும்.

அப்புறம் நேரா ரிவர்ஸ். கோணலாப் போனா பின் தாடையோட ஓரத்துல முட்டும். டிரெய்லர் தட்டுக்கு ஒரு அடி முன்னால நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய் உயரம் பாருங்க. கேபின்ல இருந்து கண்ணாடியில பார்த்து உயரம் கணக்குப் போடவே முடியாது. டிரெய்லர் அடித்தட்டு, டேபிளோட மேல்மட்டத்தை விட 2-ல இருந்து 5 சென்டிமீட்டர் தாழ இருக்கணும். அப்போதான் டேபிளோட சாய்வுல உரசி ஏறி, முன்வண்டி டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கி, பின் சரியான ஆழத்துல வந்து உக்காரும். உயரமா இருந்தா கால் ஹேண்டிலைச் சுத்தி டிரெய்லரை இறக்குங்க. ரொம்பத் தாழ்ந்திருந்தா தட்டோட முன்விளிம்பு டேபிள் மேல ஏறாம சேஸிலயோ மட்கார்டுலயோ இடிச்சு டிரெய்லரையே பின்னால தள்ளும். அப்போ கால் ஹேண்டிலை ஸ்லோ கியர்ல சுத்தி டிரெய்லரை ஏத்துங்க.

உயரம் சரின்னா கடைசி ஒரு அடியை ரிவர்ஸ் கியர்ல, ஆக்சிலேட்டர் குடுக்காம ஊர்ந்து போங்க. வேகமா இடிச்சா லாக், கிங்பின், லேண்டிங் கால் மூணுமே அடி வாங்கும். சத்தம் வந்ததும் நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவா முன்னால இழுத்துப் பாருங்க. ரெண்டு தடவை. டிரெய்லர் பிரேக் புடிச்சிருக்கும், வண்டி அசையாம முறுக்கிக்கிட்டு நிக்கணும். அதுக்கு மேல ரேஸ் பண்ணாதீங்க.

இப்போ ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்டுல. டார்ச் எடுத்துட்டு இறங்குங்க. பட்டப்பகல்லயும் டார்ச் வேணும், டிரெய்லர் அடியில எப்பவும் இருட்டுதான். பக்கவாட்டுல குனிஞ்சு டிரெய்லர் தட்டும் டேபிளும் ஒட்டியிருக்கான்னு பாருங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, விரல் நுழையற அளவு இடைவெளி இருந்தா, பின் உக்காரலை. அடுத்து பின்பக்கமாப் போய் டேபிளோட பிளவுக்குள்ள டார்ச் அடிங்க. தாடை கிங்பின்னோட கழுத்துக்குப் பின்னால முழுசா மூடியிருக்கறது கண்ணுக்குத் தெரியணும், அடிக் காலர் தாடைக்குக் கீழ இருக்கணும். கடைசியா லீவர் முழுசா உள்ள போயிருக்கா, சேஃப்டி லாக் விழுந்திருக்கான்னு பார்த்து கிளிப் மாட்டுங்க. லீவர் பாதியில நின்னா லாக்கும் பாதியில நிக்குதுன்னு அர்த்தம். சுத்தியால தட்டி உள்ள தள்ளக் கூடாது. கழட்டிட்டு உயரத்தைச் சரி பண்ணி மறுபடி மாட்டணும்.

இதெல்லாம் முடிஞ்சாதான் ஏர் பைப். அதுக்கப்புறம் கரண்ட். அதுக்கப்புறம் கால் தூக்கறது. சக்கரக் கட்டை எடுக்கறது எல்லாத்துக்கும் கடைசி.


மேச்சேரி_ரோடு:

எல்லாம் சரிதான். ஆனா ஏர் பைப் விஷயத்துல இங்க நிறையப் பேர் சிவப்பைத்தான் முதல்ல மாட்டுறாங்க. டிரெய்லர் டேங்க்ல ஏர் ஏற நேரம் ஆகும், அதுக்குள்ள மஞ்சளையும் கரண்டையும் மாட்டிடலாம்னு. ரெண்டும் மாட்டத்தானே போறோம், வரிசையில என்ன இருக்கு?


சங்ககிரி_பட்டறை:

வரிசையிலதான் எல்லாமே இருக்குங்க. சிவப்பு சப்ளை லைன், மஞ்சள் பிரேக்கை இயக்கற லைன். சிவப்பைக் கழட்டினா டிரெய்லர்ல இருக்கற எமர்ஜென்சி வால்வு, டிரெய்லர் டேங்க் ஏரைத் திருப்பி பிரேக் சேம்பருக்கு (ஏர் அழுத்தத்துல பிரேக்கைத் தள்ளற டப்பா) அனுப்பிடும். டிரெய்லர் தானாப் புடிச்சுக்கும். சிவப்பை மாட்டி ஏர் ஏறினதும் அந்த வால்வு பிரேக்கை விட்டுடும். அதாவது சிவப்பை மாட்டுற அந்த நிமிஷம்தான் டிரெய்லர் விடுபடற நிமிஷம். முன்வண்டியில ஹேண்ட் பிரேக் போட மறந்திருந்தா மொத்த வண்டியும் நகரும். அப்போ நீங்க எங்க நிக்கறீங்க? கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல, கையில மஞ்சள் பைப்போட. முன்வண்டி ஹேண்ட் பிரேக் போடாம பைப் மாட்ட இறங்கி, வண்டி உருண்டு டிரைவர் செத்துப் போறது உலகம் முழுக்க நடக்குற விபத்து.

அதனால மாட்டுறப்போ மஞ்சள் முதல்ல, சிவப்பு அப்புறம். கழட்டுறப்போ சிவப்பு முதல்ல, மஞ்சள் அப்புறம். இந்த வரிசையில போனா, நீங்க நடுவுல நின்னு வேலை செய்யற நேரம் பூரா டிரெய்லர் புடிச்சபடியே இருக்கும். டேங்க் நிறையற ரெண்டு நிமிஷத்தை மிச்சம் புடிக்கறதுக்காக இதை மாத்தாதீங்க.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, பலருக்கும் தெரியாது. 'சிவப்பைக் கழட்டினா டிரெய்லர் புடிச்சுக்கும்'னு நம்பி கட்டை போடாம விட்டுட்டுப் போறாங்க. டிரெய்லர் அச்சுக்குப் பின்னால போய் பிரேக் சேம்பரைப் பாருங்க. ரெண்டு டப்பா ஒட்டினாப்பல நீளமா இருந்தா உள்ள ஸ்பிரிங் இருக்கு. ஏர் போனாலும் ஸ்பிரிங் தள்ளிப் புடிச்சு வெச்சிருக்கும். ஒத்தை டப்பா மட்டும் இருந்தா டிரெய்லரைப் புடிச்சிருக்கறது டேங்க்ல இருக்கற ஏர் மட்டும்தான். பழைய டிரெய்லர்ல ஏதாவது ஒரு வாசர், ஒரு டயஃப்ரம் கசிஞ்சுட்டே இருக்கும். சாயங்காலம் இறுக்கமா நின்ன டிரெய்லர் விடியறதுக்குள்ள முழுசா ஃப்ரீ ஆயிடும். யார்டு சமதளம்னு கண்ணுக்குத் தெரியும், தண்ணி ஊத்திப் பார்த்தா ஓடும். நீங்க ரிவர்ஸ்ல போய் இடிச்சதும் டிரெய்லர் நகர ஆரம்பிக்கும்.

தொப்பூர் அண்ணன் சொன்ன இழுத்துப் பார்க்கற சோதனையும் இதே காரணத்தால பழைய டிரெய்லர்ல பொய் சொல்லும். பிரேக் புடிக்காத டிரெய்லரை இழுத்தா அது கட்டையை முட்டிக்கிட்டு லேசா நிக்கும், இல்ல கட்டை மேல ஏறும். லாக் புடிச்சுதா இல்லையான்னு அதுல எதுவும் தெரியாது. அந்த மாதிரி வண்டியில முதல்ல கண்ணால பார்த்துட்டு, பைப் மாட்டி 8 கிலோ பிரஷருக்கு ஏர் ஏறினதும், டிரெய்லருக்குன்னு தனியா இருக்கற கை பிரேக்கை இழுத்துப் புடிச்சுக்கிட்டு மறுபடி ஒரு தடவை இழுத்துப் பாருங்க. கால் இன்னும் தரைக்குப் பக்கத்துலயே இருக்கும்போது இதைச் செய்யணும். கழண்டுக்கிட்டாலும் டிரெய்லர் மூக்கு ரொம்பக் கீழ விழாது.

பைப்பு மாறிப் போறதைப் பத்தியும் சொல்லணும். இப்போ வர்ற பைப் தலைகள்ல (பைப் டிரெய்லரோட சேர்ற முனை) சிவப்பும் மஞ்சளும் மாறி உக்காராத மாதிரி தடுப்பு இருக்கும். பழைய டிரெய்லர்ல ரெண்டு தலையும் ஒரே அச்சு, பெயின்ட்டும் போயிருக்கும். மாத்தி மாட்டினா டிரெய்லர் டேங்குக்கு ஏரே போகாது. ஸ்பிரிங் டப்பா இருக்கற டிரெய்லர்ல பிரேக் விடாது, நகர முடியாம நீங்களே கண்டுபுடிச்சிடுவீங்க. ஒத்தை டப்பா டிரெய்லர், அதுவும் டேங்க் காலியா நின்னிருந்ததுன்னா, சக்கரம் ஃப்ரீயா உருளும், வண்டி ஜம்முனு கிளம்பும், ஆனா டிரெய்லர்ல பிரேக்கே இருக்காது. லோடோட சேர்த்து மொத்தம் 55 டன்னையும் முன்வண்டி பிரேக் மட்டும் நிறுத்தணும். யார்டுக்குள்ளயே 5 கிலோமீட்டர் வேகத்துல டிரெய்லர் கை பிரேக்கை மட்டும் இழுங்க. பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி தெரியணும். தெரியலைன்னா கேட்டைத் தாண்டாதீங்க.

தலைக்குள்ள இருக்கற ரப்பர் வாசரை மாட்டுறதுக்கு முன்னாடி விரலால தடவிப் பாருங்க. மண்ணு இருந்தா துடைங்க, வெடிச்சிருந்தா மாத்துங்க. சின்ன விலைதான், ரெண்டு மூணு டேஷ்போர்டுலயே கிடக்கட்டும். கழட்டின பைப்பைத் தரையில போட்டா மண்ணு நேரா ரிலே வால்வுக்கு (டிரெய்லர் பிரேக்குக்கு ஏர் விடற வால்வு) போகும். மேக்னசைட் பக்கம் ஓடற வண்டியில அந்த வெள்ளைக்கல் தூள் வால்வுக்குள்ள சேர்ந்து பிரேக் விடாம இழுத்துக்கிட்டே ஓடும், டிரம் சூடாகும். ஸ்டாண்டுல இருக்கற டம்மி தலையில மாட்டி வெச்சுடுங்க.

லீவர் வராத கதைக்கு அப்புறமா வர்றேன். அதுக்கு முன்னாடி காலைப் பத்தி யாராவது சொல்லுங்க.


யார்டு_பொறுப்பு:

கால் இறங்குவது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். 22 டயர் வண்டியில் அனுமதி முன் அச்சுக்கு 7 டன், முன்வண்டியின் பின் இரட்டை அச்சுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27 டன், மொத்தம் 55. முன்வண்டியின் சொந்த எடை 9, 10 டன்னைக் கழித்தால் கிங்பின் மேல் ஏறத்தாழ 18 டன் உட்கார்ந்திருக்கிறது. லேண்டிங் கால் கிங்பின்னுக்குப் பின்னால், டிரெய்லர் அச்சுகளுக்குக் கிட்டத்தில் இருப்பதால், முன்வண்டி வெளியே போனதும் கால்கள் தாங்கும் எடை இன்னும் கூடும், 20 டன்னைத் தாண்டும். ஒரு காலின் பாதத்தட்டு 25 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 1250 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 16 கிலோ அழுத்துகிறது. மழை பெய்த செம்மண் அதைத் தாங்காது. சித்திரை, வைகாசி வெயிலில் மதியத்துக்கு மேல் தார்த்தளமும் தாங்காது, காலின் அச்சு அப்படியே பதிந்துவிடும்.

ஒவ்வொரு காலுக்கும் அடியில் 50 சென்டிமீட்டர் சதுரத்தில், குறைந்தது 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள நல்ல மரப்பலகை போட்டால் அதே எடை 5000 சதுர சென்டிமீட்டரில் பரவி 4 கிலோவாகக் குறையும். பிளைவுட் துண்டு, செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் உதவாது. செங்கல்லும் பிளாக்கும் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். அதைவிட நல்லது, லோடு டிரெய்லர் நிறுத்தும் வரிசையில் கால் விழும் இடத்துக்கு மட்டும் ஒரு கான்கிரீட் பட்டை போட்டுத் தரச்சொல்லி யார்டு நிர்வாகத்தைக் கேட்பது. ஒரு டிரெய்லர் சாய்ந்தால் ஆகும் செலவில் அந்தப் பட்டையைப் பலமுறை போடலாம்.

ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது என்றால் தரையைத் தவிர லோடையும் பாருங்கள். காயில் நடுக்கோட்டில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளி இருந்தால் அந்தப் பக்கத்துக் கால் கூடுதலாக வாங்கும். கன்டெய்னர் டிரெய்லருக்கு இன்னொரு எச்சரிக்கை: 40 அடி டிரெய்லரில் 20 அடிப் பெட்டியை முன்னால் வைத்துக் கால்களில் நிறுத்தினால் மூக்கு கவிழப் பார்க்கும், கடைசியில் வைத்தால் வால் இறங்கி மூக்கு எழும்பும். கழற்றி வைத்த டிரெய்லருக்குள் போர்க்லிப்ட் ஏறுவதும் அப்படித்தான். மூக்குக்கு அடியில் தனியாக ஒரு முட்டு கொடுக்காமல் ஏற்றவே விடக்கூடாது.

இனி கழற்றும் வரிசை. முன்வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நேராக நின்றபின் ஹேண்ட் பிரேக், டிரெய்லரில் பார்க்கிங் பிரேக் பட்டன் இருந்தால் அதுவும். இன்ஜினை நிறுத்தி இறங்கி, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் அடுத்து மாட்ட வருபவர் இடிக்கும்போது டிரெய்லர் மறுபக்கம் உருளும். சாலையோரத்தில் கல் பொறுக்கி வைத்து, கிளம்பும்போது அதை அங்கேயே விட்டுப் போகும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். இரவில் டூவீலரில் வருபவர்கள் அந்தக் கல்லில் ஏறித்தான் விழுகிறார்கள். மரக் கட்டையோ ரப்பர் கட்டையோ இரண்டு ஜோடி வண்டியிலேயே இருக்கட்டும்.

பிறகு பலகை போட்டுக் காலை ஃபாஸ்ட் கியரில் தரை தொடும்வரை இறக்குங்கள். தொட்டதும் ஸ்லோ கியருக்கு மாற்றி இன்னும் சில சுற்று. முன்வண்டியின் பட்டை ஸ்பிரிங் லேசாக நிமிர்வது தெரியும், அது போதும். டிரெய்லர் தட்டு டேபிளை விட்டு எழும்பும் அளவுக்கு ஏற்றக்கூடாது. ஏற்றினால் அடுத்து மாட்ட வருபவருக்கு அது உயரமான டிரெய்லர், மேலே தொப்பூர் நண்பர் எழுதிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து சிவப்பு, மஞ்சள், கரண்ட் கேபிள், ஏபிஎஸ் கேபிள் இருந்தால் அதுவும். லீவரை இழுத்துத் திறந்துவிட்டு ஏறி, மெதுவாக முன்னே போய், டேபிள் டிரெய்லர் தட்டை விட்டு விலகியதும் சேஸி இன்னும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்துங்கள். இறங்கி இரண்டு காலையும் பலகையையும் பாருங்கள். கால் மடங்கினாலும் மண் இறங்கினாலும் டிரெய்லர் சேஸி மேல் சாயும், தரையில் கவிழாது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு முழுவதும் வெளியே எடுங்கள். இந்த இடைநிறுத்தத்தை யாரும் செய்வதில்லை. லோடு டிரெய்லரில் இதைத் தவிர்க்கவே கூடாது.


சங்ககிரி_பட்டறை:

லீவருக்கு வர்றேன். ரெண்டு பேர் தொங்கற அளவுக்கு இறுக்கம் இருந்தா அதுக்குக் காரணம் பெரும்பாலும் துரு கிடையாது. கிங்பின் தாடையை இழுத்துக்கிட்டு நிக்குது. முன்னால போய் பிரேக் அடிச்சு நிறுத்தும்போது முன்வண்டி ஒரு இழுப்பு இழுத்தபடி நின்னிருக்கும். அந்த அழுத்தத்துல லாக்கு நகராது. பைப் கழட்டறதுக்கு முன்னாடி, டிரெய்லர் பிரேக் புடிச்ச நிலையில, ரிவர்ஸ் போட்டு ஒரு நூல் பின்னால தள்ளி அப்படியே ஹேண்ட் பிரேக் போடுங்க. அழுத்தம் விட்டுடும், லீவர் ஒத்தைக் கையில வரும்.

அதுக்கும் வரலைன்னா கால் உயரத்தைப் பாருங்க. அதிகமாத் தூக்கியிருந்தா பின்னோட அடிக் காலர் தாடையைக் கீழ இருந்து மேல இழுத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு மூணு சுத்து சுத்தி டிரெய்லரை இறக்கினா விடும். முன்வண்டி கோணலா, பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கி நின்னாலும் அதே இறுக்கம் வரும். சேஃப்டி லாக்கை எடுக்காமலே இழுக்கறதும் நடக்குது, அதையும் பார்த்துக்குங்க. இழுக்கறதுக்கு நீளமான கொக்கிக் கம்பி வெச்சுக்குங்க, டிரெய்லர் அடியில தலையை விட வேண்டியதில்லை. லீவர்ல பைப் சொருகி நெம்பினா லீவர் வளைஞ்சு, அப்புறம் உள்ள போகும்போது முழுசாப் போகாது. உள்ள முழுசாப் போச்சான்னு பார்த்துத்தானே லாக்கை நம்பறோம். வளைஞ்ச லீவர் அந்த அடையாளத்தையே கெடுத்துடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் இறுக்கம்னா அப்போதான் கிரீஸ். பழைய கிரீஸ் மேலயே புதுசை அப்பறதுதான் இங்க வழக்கம். அடியில இருக்கற கிரீஸ் கல்தூளோட சேர்ந்து கெட்டியாகி, டேபிளையும் தாடையையும் அரைச்சுக்கிட்டே இருக்கும். டிரெய்லரைக் கழட்டியிருக்கும்போது தகட்டுக் கரண்டியால சுரண்டி, டீசல் துணியால துடைச்சு, அப்புறம் புதுசாப் போடுங்க. டேபிள் மேல பூரா மெல்லிசா, தாடையிலயும் பின்னோட கழுத்து தொடற இடத்துலயும் கொஞ்சம் தாராளமா.

துடைச்ச கையோட கிங்பின்னை அளந்துடுங்க. 2 இஞ்ச் பின்னுக்குக் கழுத்து புதுசுல 50.8 மில்லிமீட்டர். 49-க்கு வந்துட்டா மாத்தணும். அதுக்கு மேல இருக்கற தடித்த பாகம் 73, அது 71-க்கு வந்தாலும் மாத்தணும். வெர்னியரை ரெண்டு திசையில வெச்சு அளங்க, வண்டியோட நீளத்துக்கும் குறுக்குக்கும். தேய்மானம் ஒரே பக்கமா இருக்கும், குறுக்குல மட்டும் அளந்தா நல்லா இருக்கற மாதிரியே காட்டும். தேய்ஞ்ச பின்னை வெல்டிங் வெச்சு நிரப்பி கடைசல் புடிச்சுத் தர்ற பட்டறை நம்ம ஏரியாவுலயே இருக்கு. செய்யாதீங்க. அது சூடு பண்ணிப் பதம் போட்ட இரும்பு. வெல்டிங் சூட்டுல அந்தப் பதம் போயிடும், வெல்டிங் ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பார்க்க 50.8 இருக்கும், தாங்கற சக்தி இருக்காது.


ஓமலூர்_பைபாஸ்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மஞ்சள், சிவப்பு ஏன்னு இப்போதான் புரியுது. இன்னும் ரெண்டு கேள்வி. அதே யார்டுல மெஷின் ஏத்தற லோபெட் (தட்டு தாழ்வா இருக்கற டிரெய்லர்) ஒண்ணு நிக்குது, அதுல பின் குண்டா இருக்கற மாதிரி தெரியுது. எங்க முன்வண்டியில மாட்டலாமா? அப்புறம் கால் முழுசாத் தூக்கணுமா, பாதி தூக்கினாப் போதுமா? சுத்திச் சுத்திக் கை விட்டுப் போகுது.


தொப்பூர்_இறக்கம்:

காலை முழுசாத் தூக்குங்க தம்பி, பாதில விடாதீங்க. பைபாஸ்ல ஓடுறப்போ ஒண்ணும் தெரியாது. ஊருக்குள்ள உயரமான ஸ்பீட் பிரேக்கர், ரயில்வே கேட், யார்டு வாசல் சாய்வு, இங்கதான் கால் தட்டும். 18 டன்னோட வேகமாத் தட்டினா கால் வளையறது மட்டும் இல்லாம, அது புடிச்சிருக்கற சேஸி பிளேட்டையே கிழிச்சுடும். கை வலிக்குதுன்னா ஸ்லோ கியர்ல சுத்திட்டு இருக்கீங்க. தரையை விட்டதும் ஹேண்டிலை இழுத்தோ தள்ளியோ ஃபாஸ்ட் கியருக்கு மாத்துங்க. எந்தப் பக்கம்னு அந்தந்தக் கால்ல மாறும், சுத்திப் பார்த்தா லேசா இருக்கறதும் கனமா இருக்கறதும் தெரிஞ்சுடும்.

ஹேண்டிலை மடக்கி கொக்கியில மாட்டினீங்களான்னு பாருங்க. மாட்டாத ஹேண்டில் திருப்பத்துல வெளிய ஆடி நீட்டிக்கும். கொண்டலாம்பட்டி மாதிரி நெரிசலான இடத்துல டூவீலர்காரங்க முழங்கால் உயரத்துக்குச் சரியா அது வரும். கொக்கி உடைஞ்ச டிரெய்லரா இருந்தா கயிறு போட்டாவது கட்டுங்க.


சங்ககிரி_பட்டறை:

லோபெட்டைத் தொடறதுக்கு முன்னாடி அளவு பாருங்க. கனமான லோபெட் நிறைய 3.5 இஞ்ச் பின்ல வரும், கழுத்தே சுமார் 89 மில்லிமீட்டர். உங்க 22 டயர் டேபிள் 2 இஞ்ச்னா அந்தப் பின் தாடைக்குள்ள நுழையவே நுழையாது, இடிச்சு நிக்கும், அதோட போச்சு. ஆபத்து இதுக்கு நேர் எதிர்ல இருக்கு. லோபெட் இழுக்கற 3.5 இஞ்ச் முன்வண்டி சும்மா நிக்குதேன்னு உங்க 2 இஞ்ச் டிரெய்லரை மாட்டினா பின் சுலபமா உள்ள போகும், லாக்கும் மூடும், இழுத்தா டிரெய்லர் கூடவும் வரும். ஆனா 2 இஞ்ச் பின்னோட அடிக் காலரே 71 மில்லிமீட்டர் சொச்சம்தான். தாடை ஓட்டை 89. காலர் அந்த ஓட்டை வழியா மேல வந்துடும். முதல் குழியில டிரெய்லர் மூக்கு துள்ளினா புடிச்சு வைக்க எதுவுமே இல்லை.

இந்த இடத்துல லீவர் உள்ள போயிருக்கும், தட்டும் டேபிளும் ஒட்டியிருக்கும், ரெண்டு சோதனையும் பாஸ் ஆயிடும். டார்ச் அடிச்சுத் தாடையைப் பார்த்தா மட்டும்தான் பின்னைச் சுத்தி இடைவெளி தெரியும். ஒவ்வொரு டிரெய்லரோட மூக்குலயும், ஒவ்வொரு முன்வண்டி டேபிள் பக்கத்துலயும் 2 இல்ல 3.5-ன்னு பெயின்ட்ல பெருசா எழுதி வைக்கச் சொல்லுங்க. நைட் ஷிஃப்ட்டுல புதுசா வர்ற டிரைவர் வெர்னியர் எடுத்துட்டுப் போக மாட்டார்.